கடன் மாற்றமும் கடமையும்

யாழ்ப்பாணத்து மக்கள் கடனுக்குப் புதியவர் அல்லர். ஒற்றி என்னும் முறை நம் குடாநாட்டில் தொன்றுதொட்டு வழங்கி வருவது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலும் அதற்கு இடமுண்டு. காணியையோ வீட்டையோ ஒற்றியாக ஏற்றுப் பணம் கொடுத்தவர், வட்டிக்குப் பதிலாக அதன் வருவாயை அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் உடைமை மீளும். அம்முறையிலும் அநீதி உண்டு. மீட்க வழியின்றிக் காணியை இழந்தோர் உளர். ஆயினும் விளைவு குறைந்தால் கடன் கொடுத்தவருக்கும் குறைவு. நட்டத்தில் இருவருக்கும் பங்கு இருந்தது.

இன்றைய கடன் அத்தகையதன்று. திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தை அண்டி, மாணவருக்கு வாடகைக்கு விடவென ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுத் தவணையில், உயர்ந்த வட்டிக்குக் கடன் பெறுகிறார். தவணை முடிகிறது, வாடகையும் வருகிறது, ஆனால் முதலைத் தீர்க்க அது போதாது. ஆகவே அவ்வீட்டையே ஈடுவைத்து, வங்கியில் பதினைந்தாண்டுக் கடன் பெற்று, முதற்கடனை அடைக்கிறார்.

இது குற்றமா? கடன் வாங்கிக் கடன் அடைப்பவரை ஊர் இகழ்ந்தே பேசும். நாம் அவ்வாறு கூறோம். பதினைந்தாண்டில் விளையும் பயனை ஓராண்டில் கேட்கும் கடனே பொருந்தாதது. அதனை மாற்றுவது அறிவுடைமை. ஆனால், மாற்றும் சாக்கில் கடனைப் பெருக்கி, மிச்சத்தை ஆடம்பரத்தில் கரைத்து, அச்சுமையை வாடகையில் ஏற்றுவது வேறு. அங்கே கடன்பட்டவர் ஒருவர், இறுப்பவர் இன்னொருவர். கிளிநொச்சியிலிருந்து படிக்கவந்த பிள்ளையின் தந்தை, தாம் கையொப்பமிடாத கடனுக்கு வட்டி கட்டுகிறார்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. பழைய கடனைப் புதிய கடனால் அடைத்துவந்த அரசு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களை இறுக்க இயலாது நின்றது. அதன் துன்பத்தைச் சுமந்தவர் பத்திரங்களிற் கையொப்பமிட்டோர் அல்லர். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மக்களே. அதே மாதத்தில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது; 2023 ஜூனில் அவற்றைக் குறைக்கத் தொடங்கியது. வட்டி ஏற்றத்தைக் காட்டி வாடகையை உயர்த்திய கை, வட்டி இறங்கியபோது வாடகையையும் இறக்கியதா? வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தம்மையே கேட்கவேண்டிய வினா இது.

சுமையைப் பகிரச் சொல்பவர் ஆறுதலையும் பகிர்தல் வேண்டும். கடன் மலிந்ததால் வரும் மிச்சத்தில், கடுவட்டிக் காலத்தைத் தாங்கிய குடியிருப்பாளருக்கும் பங்குண்டு. அப்பங்கைச் சட்டம் கேட்காதிருக்கலாம், நீதி கேட்கும். அதனைக் கொடாதவரை, வங்கிக் கணக்கு தீர்ந்தாலும் அவர் கடன் தீர்ந்ததாக நாம் கொள்ளோம்.