விட்டுப் போகிறவர் சொல்ல வேண்டியது

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பினாங்கின் ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசின. தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்தவர்களில் பல நூறு பேர் மாண்டார்கள். 16ஆம் தேதி இரவு, பினாங்கில் எஞ்சியிருந்த ஐரோப்பியர் பெரும்பாலும் வெளியேறினர். தமிழருக்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் சிங்கப்பூர் வானொலியில் பேசியபோது, பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த 'மக்கள்' கணக்கில் ஆசியர் சேரவில்லை. கைவிடப்பட்ட ஊரின் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர், இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனிக் குண்டு போட வேண்டாம் என்று வானொலி வழியாக ஜப்பானியருக்குத் தெரிவித்தவரும் அவரே.

காப்பதாக வாக்களித்தவர் பின்வாங்குவது குற்றமா? தோற்கும் இடத்தில் நின்று சாகும்படி யாரையும் அறம் கட்டாயப்படுத்தாது. ஆனால் இருப்பதா, ஓடுவதா, பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்பதையெல்லாம் மக்கள் அந்த வாக்கை நம்பியே முடிவு செய்கிறார்கள். வாக்கைத் திரும்பப் பெறுகிறவர் அதை அவர்களிடம் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு நேர்வதை உலகத்திடமும் சொல்லியாக வேண்டும். புறப்பட்ட பிறகும் தீராத கடன் இது.

பேரரசுகள் கொடுத்த காவல் வாக்கை 1945இல் ஐக்கிய நாடுகள் சபை உலகம் முழுமைக்கும் விரித்தது. 2008 செப்டம்பரில், விடுதலைப் புலிகளுடனான போரின் நடுவே, பாதுகாப்புக்கு உறுதி தர இயலாது என்று இலங்கை அரசு சொன்னதும், புலிகளின் வசமிருந்த ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று வாசலில் மக்கள் மன்றாடினார்கள். ஐ.நா.வுக்கு அங்கே படை கிடையாது, இருந்திருந்தாலும் ஷெல்லடி நின்றிருக்காது என்பார்கள். அதை ஏற்கலாம், மக்களை வெளியேற விடாத புலிகளின் பொறுப்பையும் மறைக்கக் கூடாது. சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 2012 நவம்பரில் சுட்டியது இதைவிட ஆழமான பிழை. சாவுகளின் கணக்கு ஐ.நா.வின் கையில் இருந்தது. பெரும்பாலானவை அரசுத் தரப்பின் தாக்குதலால் நேர்ந்தவை என்ற தகவலும் இருந்தது. உறுப்பு நாடுகளிடம் அதை வெளிப்படையாக வைக்கவில்லை.

பேசியிருந்தால் உணவு லாரிகளுக்கு அனுமதி கிடைத்திருக்காது என்பது இன்னொரு வாதம். பசித்தவர்களை முன்னிட்டுச் சொல்லப்படுவதால் இதை எளிதில் தள்ள முடியாது. ஆயினும் 2009 ஜனவரிக்குப் பிறகு ஐ.நா. லாரிகள் தரைவழியே உள்ளே போகவில்லை. காக்க வேண்டிய அனுமதியே இல்லாத நாட்களிலும் தயக்கம் நீடித்தது. அந்த மார்ச்சில் மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை, ஜனவரி 20 முதல் 2,800க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று அறிக்கை தயாரித்தார். அதைத் தணிக்கும்படி கேட்டவர்கள் ஐ.நா.வின் மூத்த அதிகாரிகள். அவர் எண்ணிக்கையோடு வெளியிட்டார்.