யாத்திரை எங்கே முடிகிறது?

தலப்பயணத்தைப் பற்றிய நூல்கள் புறப்பாட்டையும் தரிசனத்தையும் விரித்துச் சொல்லும். எந்த நாளில் கிளம்புவது, எந்தத் தீர்த்தத்தில் முதலில் மூழ்குவது, எந்தச் சன்னிதியில் என்ன செய்வது என்று அவற்றில் விதிகள் உண்டு. திரும்பும் வழிக்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. மக்களின் வழக்கமோ திரும்பும் வழியையும் விட்டுவிடவில்லை. ஊர் வந்து சேர்வதற்கென்றே சடங்குகள் இருக்கின்றன. அவை நிறைவேறும் வரை யாத்திரை முடிந்ததாகக் கொள்வதில்லை. கடவுளைத் தேடி வீட்டை விட்டுப் போனவர், தேடியதைக் கண்ட பிறகு ஏன் திரும்ப வேண்டும்? திரும்பியபின் கண்டதை என்ன செய்ய வேண்டும்? அந்தச் சடங்குகள் விடை தேடுவது இந்தக் கேள்விகளுக்குத்தான்.

துறவிக்கு இக்கேள்விகள் எழுவதில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கி, மற்றக் காலமெல்லாம் நடக்க வேண்டியவர் அவர். திரும்பிச் செல்ல அவருக்கு வீடு கிடையாது. யாத்திரை இல்லறத்தாருக்காக ஏற்பட்டது. குறித்த சில நாள்கள் துறவியைப் போல இருந்துவிட்டு மறுபடி மனைவி மக்களிடம், கடை கண்ணியிடம் வந்து சேர்வதையும் சேர்த்தே அது வகுக்கப்பட்டிருக்கிறது.

சபரிமலை விரதத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு, ஒரு மண்டலம், அதாவது 41 நாள், விரதம் இருப்பது மரபு. தரையில் படுக்கை, விடியுமுன் குளியல், பிரம்மச்சரியம், புலால் மறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை போட்டவர் தம் பெயரையே விட்டுவிடுகிறார். முதலாளியும் அவரிடம் வேலை பார்ப்பவரும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே கூப்பிடுகிறார்கள். மலைக் கோயிலில் பொறித்திருக்கும் மகாவாக்கியம் சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசித்தது. தேடுபவரும் தேடப்படுபவரும் வேறில்லை என்பது அதன் சாரம். ‘சாமி’ என்று அழைக்கும் வழக்கம் அந்தத் தத்துவத்தை ஏட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

தரிசனம் முடிந்து குமுளி வழியாகவோ செங்கோட்டை வழியாகவோ வேன் ஊர் திரும்பும்போதும் மாலை கழுத்தில்தான் இருக்கும், நியமங்களும் குறைவதில்லை. வீட்டு வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு உள்ளே நுழைந்து, இருமுடியைப் பூஜை இடத்தில் இறக்குகிறார்கள். இருமுடிக் கட்டில் மிஞ்சிய அரிசி வீட்டுச் சமையலில் சேர்கிறது. அபிஷேக நெய், அரவணை, அப்பம் எல்லாம் அக்கம்பக்கத்துக்குப் பங்கிடப்படுகின்றன. மாலையைத் தாமே கழற்றிக்கொள்வது முறையில்லை. குருசாமியோ பெற்ற தாயோ கழற்ற வேண்டும். இல்லையென்றால் கோயிலில் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு வழியிலேயே கழற்றுகிறவர்களைப் பழைய குருசாமிகள் கடிந்துகொள்வார்கள். அந்தக் கண்டிப்பு நியாயமானது. விரதம் மற்றொருவர் கையால் தொடங்கியது. மற்றொருவர் முன்னிலையில்தான் அது முடிய வேண்டும்.

மாலை கழன்றதும் ‘சாமி’யும் போய்விடுகிறது, அவர் பழையபடி முருகேசனோ செல்வமோ ஆகிவிடுகிறார். ஹஜ் யாத்திரையில் இது நேர்மாறாக நடக்கிறது. அங்கே இஹ்ராம் என்ற விரத நிலையிலிருந்து விடுபடுவது முடி களைந்து மினா, மக்கா எல்லைக்குள்ளேயே முடிந்துவிடும். வீடு திரும்புகிறவர் வழக்கமான உடையில்தான் வருகிறார்; ஆனால் ‘ஹாஜி’ என்ற பெயர் ஆயுளுக்கும் அவரோடு இருக்கும். ஒரு மரபு விரதத்தை வழியில் களைந்துவிட்டுப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவருகிறது; மற்றொன்று விரதத்தை வீடு வரை சுமந்துவந்து பெயரோடு சேர்த்து இறக்கிவைக்கிறது.

மாலை கழற்றிய மாலையே பழைய பழக்கங்களுக்குத் திரும்புகிறார்களே, அப்படியானால் 41 நாளும் வீண்தானே என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதில் உண்மை இருந்தாலும் அது விரதத்தின் இயல்பைக் காணத் தவறுகிறது. எல்லை இல்லாத நோன்பை இல்லறத்தில் இருப்பவர் தாங்க மாட்டார். தாங்குவதாகக் காட்டிக்கொண்டால் அங்கே பாசாங்கு நுழைந்துவிடும். தம்மால் எதையெல்லாம் விட முடியும் என்பதை ஒரு மனிதர் தம் உடம்பாலேயே அறிந்துகொள்ள 41 நாள் போதும். கழற்றிய மாலையைப் பத்திரமாக எடுத்துவைத்து அடுத்த ஆண்டும் அதையே போட்டுக்கொள்பவர்கள் பலர். கன்னிசாமியாகத் தொடங்கியவர் பதினெட்டாம் முறை போகும்போது தென்னங்கன்று ஒன்றைச் சுமந்துபோய் மலையில் நடுவார். 18 முறை ஏறியவர் 18 முறை இறங்கி வீட்டுக்கு வந்தவரும்தான். குருசாமிக்குரிய பக்குவம் இந்த இரண்டாலும் வருவது.

காசி யாத்திரையின் போக்கு வேறு. முறைப்படி செல்பவர் முதலில் இராமேஸ்வரத்தில் சங்கல்பம் செய்து, அங்கே கடலில் மண் எடுத்து, பிரயாகைத் திரிவேணியில் அதைக் கரைக்கிறார். காசி, கயை முடித்துக் கங்கை நீரோடு மீண்டும் இராமேஸ்வரம் வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. தொடங்கிய இடத்துக்குத் திரும்புவது இங்கே விதியாகவே இருக்கிறது. கயையில் அட்சய வடத்தின் அடியில் ஓர் இலை, ஒரு காய், ஒரு பழம் இவற்றை ஆயுளுக்கும் விட்டுவிடுவார்கள். பேச்சு வழக்கில் இது ‘காசியில் விடுவது’ ஆகிவிட்டது. தமக்குப் பிடிக்காத காயைப் பார்த்து விடுகிறவர்கள் உண்டு. அதனால் பயன் இல்லை. ஆசையாய்ச் சாப்பிட்ட ஒன்றை விட்டவருக்கு, பந்தியில் அந்தப் பதார்த்தம் வரும்போதெல்லாம் இலையை மறைத்துக் கைநீட்ட வேண்டியிருக்கிறது. சபரிமலை விரதம் வீட்டில் முடிகிறது. காசியில் எடுத்த விரதமோ வீட்டுச் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது.

போன வழியைப் போலவே திரும்பும் வழியையும் நடந்து கடப்பவர்கள் சிலர். பழனித் தைப்பூசத்துக்குச் செல்லும் பாதயாத்திரைக் கூட்டங்கள் பெரும்பாலும் பஸ்ஸிலும் வேனிலும் ஊர் திரும்பும். நகரத்தார் காவடிகள் மட்டும் போனது போலவே நடந்தே செட்டிநாட்டுக்குத் திரும்புகின்றன. மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஞானேஸ்வரரின் பாதுகைகளைப் பல்லக்கில் கொண்டுபோகும் வாரியில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். பாதுகை ஆளந்திக்குத் திரும்பியாக வேண்டுமே. அந்தத் திரும்பு நடையில் உடன் வருபவர்கள் கொஞ்சம் பேர்தான். திருவிழாக் கூட்டமும் வழியெங்கும் வரவேற்பும் இல்லாத அந்த நடைதான் கடினமானது.

ஏன் திரும்ப வேண்டும் என்பதற்குத் தமிழ் மரபு தரும் ஆழமான விடை அப்பர் வரலாற்றில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரிவாகப் பாடியிருக்கிறார். கயிலாயம் காணப் புறப்பட்ட அப்பர் கால் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் நகர்ந்து, கடைசியில் உடம்பையே புரட்டிக்கொண்டு போகிறார். முனிவர் வேடத்தில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்கிறார். கயிலைநாதனைக் காணாமல் திரும்ப மாட்டேன் என்கிறார் அப்பர். அங்கிருந்த குளத்தில் மூழ்கச் சொல்ல, மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில். கயிலைக் காட்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது. வழியில் துணையோடு போகும் யானையும் கோழியும் குயிலும் மயிலும் அவருக்குச் சிவமும் சக்தியுமாகத் தெரிந்தன. ஆடி அமாவாசையில் ஐயாறப்பர் கோயிலில் இன்றும் இது விழாவாக நடக்கிறது. காவிரிக்கரையில் எந்நாளும் திரிகிற உயிர்கள்தாம் அவை. அவற்றை அப்படிக் காணும் கண் அப்பருக்கு அவ்வளவு தூரம் போன பிறகே வாய்த்தது. போகாமலே இருந்திருந்தால் ஐயாறு வெறும் ஐயாறாகவே இருந்திருக்கும் என்பதையும் இக்கதை சேர்த்தே சொல்கிறது.

சீனத்து ஜென் மரபில் குவோஆன் 12ஆம் நூற்றாண்டில் அமைத்த, எருதைத் தேடிப் போகும் ஒருவரைக் காட்டும் பத்துப் படங்களும் இதற்கு அருகில் வருகின்றன. எட்டாவது படம் வெறும் வட்டம். தொடர் அதோடு நின்றுவிடவில்லை. பத்தாவதில் ஞானம் பெற்றவர் சந்தைக்குள் வந்து சாதாரண மனிதர்களோடு கலக்கிறார்.

திரும்பியவர் கண்டதை என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டாவது கேள்விக்கு வீட்டில் இருந்தவர்களே விடை வைத்திருக்கிறார்கள். மாலை போட்டவருக்காக விடியுமுன் எழுந்து சுத்தமாகச் சமைத்தவரும் அந்த 41 நாளும் விரதத்தில் இருந்தவரே. காசியிலிருந்து வந்தவர் கங்கைச் சொம்புக்குப் பூஜை செய்து, உறவையும் தெருவையும் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும். இதைக் காசி சமாராதனை என்பார்கள். வயதில் சிறியவர்கள் அவர் காலில் விழுந்து அந்தப் புண்ணியத்தில் பங்கு கேட்பார்கள். யாரும் அதை மறுப்பதில்லை. போக முடியாதவர்களுக்கு அந்தப் பங்கைச் சேர்ப்பது போய் வந்தவரின் கடமையாகவே கொள்ளப்படுகிறது.