சீனாய் மலையில் ஒரு திருமுகம்

உருவம் சமைத்து வணங்காதே என்னும் கட்டளை மோசேக்கு அருளப்பெற்ற இடமென மரபு போற்றும் சீனாய் மலையின் அடிவாரத்தில், மிகப் பழைமையான கிறிஸ்தவத் திருவோவியங்கள் காக்கப்பட்டு வருகின்றன. இது முரண்பாடு அன்றோ? எகிப்து நாட்டிலுள்ள புனித கத்தரீனம்மாள் துறவு மடத்தைக் காணச் செல்வோர் உள்ளத்தில் இவ்வினா எழுதல் இயல்பே.

6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் எழுப்பிய இம்மடத்தில், கிழக்கு மரபுவழித் திருச்சபைத் துறவியர் வாழ்கின்றனர். இங்குள்ள ஏறத்தாழ 2,000 திருவோவியங்களுள் தலையாயது கிறிஸ்துவின் திருமுகம். அதே நூற்றாண்டில், உருக்கிய மெழுகில் வண்ணம் குழைத்துப் பலகையில் தீட்டப்பெற்றது அது.

அது தப்பிப் பிழைத்த வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோவும் அவர் வழிவந்தோரும் திருவுருவங்களைத் தடைசெய்தனர், எண்ணற்றவை அழிந்தன. ஆராதனை இறைவனுக்கே உரியது, உருவத்திற்குச் செய்யும் வணக்கமோ அது சுட்டுபவரையே சேரும் என்று 787இல் இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் தெளிவுபடுத்திற்று. எனினும் 843இல்தான் பூசல் ஓய்ந்தது. அந்நாளில் சீனாய், இசுலாமியர் ஆட்சியில் இருந்தது; பேரரசரின் ஆணை அங்கு எட்டவில்லை. கிறிஸ்தவ அரசர்கள் கிறிஸ்துவின் உருவங்களை அழிக்க, பிற சமயத்தார் ஆண்ட நிலத்தில் அவர் திருமுகம் பிழைத்தது!

அழித்தவர் அனைவரும் தீயவர் அல்லர். கட்டளையைக் காப்பதாகவே பலர் நம்பினர். நாம் அஞ்ச வேண்டியது இதற்கே. மரத்திலும் மெழுகிலும் அமைந்த உருவத்தை அகற்றியவர்கள், தாம் கொண்டதே சரி என்னும் உறுதியை நெஞ்சில் சிலையாக நிறுத்தினர். அச்சிலையைச் செதுக்க உளி வேண்டியதில்லை. ஆதலால் அதனைக் கண்டுகொள்வதும் அரிது. வழிபாட்டு முறை பற்றி நம் பங்குகளில் எழும் பூசல்களில், இறைவனுக்காகவே வாதிடுவதாக எண்ணிச் சகோதரனை இகழும்போது நாம் எதன்முன் மண்டியிடுகிறோம்?

சீனாய்த் திருமுகத்தின் இரு பாதிகளும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் அமைதியும் கனிவும் தவழ்கின்றன. மற்றதில் புருவம் உயர்ந்து கண்டிப்புத் தோன்றுகிறது. இரக்கமும் நீதியும் என இவற்றிற்குப் பொருள் கூறுவோர் உளர். இரக்கத்தை மறைத்து நீதியை மட்டும், அல்லது நீதியை மறைத்து இரக்கத்தை மட்டும் நாம் வணங்குவோமாயின், நம் முன் நிற்பது கிறிஸ்து அல்லர். அன்று அம்மலையில் விலக்கப்பெற்ற சிலையே.