என்னவாகப் போகிறாய்?

"பெரியவனாகி நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்காத வாத்தியார் நம் நாட்டில் இல்லை. திண்டுக்கல்லில் நான் படித்த நாளில், மதுரையிலிருந்து பிரிந்து ஊர் தனி மாவட்டமாகி (1985) பத்து வருஷந்தான் ஆகியிருந்தது. கலெக்டர் என்ற மனிதர் எங்கள் தெருக்களிலேயே காரில் போய்வந்துகொண்டிருந்ததால், வகுப்பில் பாதிப் பேர் கலெக்டர் ஆகிவிட்டோம். மீதிப் பேர் டாக்டர் ஆனார்கள். அந்தக் கலெக்டர்களில் ஒருவர் இன்று ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். டாக்டர்களில் ஒருவர் நூற்பாலையில் மேஸ்திரி. இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனாலும் சந்திக்கும்போது, "நாம நினைச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு" என்று ஒரு பெருமூச்சு வருகிறதே, அதைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்கலாம் என்று தோன்றுகிறது.

பதினைந்து வயதில் ஒருவன் சொன்ன சொல்லுக்கு நாற்பத்தைந்து வயது மனிதன் கட்டுப்பட்டவனா? தொழிலை மாற்றிக்கொண்டவன் எதையோ கைவிட்டவனா, அல்லது எதையோ கண்டுகொண்டவனா?

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டுப் பட்டறை வைத்திருந்த வீட்டில் பிறந்தவன் நான். கல்லூரிப் படியில் இரண்டு வருஷம் ஏறி, மூன்றாவது வருஷம் இறங்கிவிட்டேன். வேடசந்தூர்ப் பக்கத்து மில் ஒன்றில் ஆள் வருகை குறிக்கும் குமாஸ்தாவாக நான்கு வருஷம், மதுரையில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்தி ஆறு வருஷம், அப்புறந்தான் கதை. இப்போது என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள், "சின்ன வயதிலிருந்தே எழுத்துதான் இவர் லட்சியம்" என்கிறார்கள். பேட்டிகளில் நானும் தலையாட்டுகிறேன். கதை எழுதுகிறவனுக்குத்தான் அந்த ரகசியம் தெரியும்: முடிவு தெரிந்த பிறகு ஆரம்பத்தில் நாலு காரணங்களைப் புதைத்து வைப்பது எங்கள் தொழில். வாழ்க்கைக்கு அப்படிப் புதைத்து வைக்கிறவர் யாரும் இல்லை.

எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் மலைக்குப் போகிற வழியில் வத்தலக்குண்டு இருக்கிறது. அந்தச் சிற்றூரோடு மூன்று எழுத்தாளர்களுக்கு உறவு. மூவரும் மூன்று விதமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாமவர் ராஜமையர். 1872-இல் பிறந்து, சென்னையில் பி.ஏ. முடித்து, சட்டம் படிக்கப் போனவர். வக்கீலாகவில்லை. 'விவேக சிந்தாமணி'யில் 1893 முதல் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதினார். தமிழ் நாவல் கண்விழித்த காலத்தில் வந்த அந்தக் கதையைப் படித்தவர்கள் அவரிடம் இன்னொன்றை எதிர்பார்த்திருக்க மாட்டார்களா? அவரோ வேதாந்தத்தில் இறங்கிவிட்டார். 1896-இல் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரத' ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியரானார், 1898-இல் இறந்துபோனார். வயது இருபத்தாறு. அதற்குள் சட்டம், நாவல், வேதாந்தம் என்று மூன்று வாழ்க்கை! நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் ஒரு குறை உண்டு, இன்னொரு நாவல் தரவில்லையே என்று. ஆனால் குறை வேறு, பாத்தியதை வேறு. ஒரு நாவலைக் கொடுத்துவிட்டதனாலேயே அவர் வாசகனுக்கு அடிமைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாரா என்ன?

இரண்டாமவர் பி.எஸ். ராமையா. 1935-இல் 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக்கி நடத்தியவர், பிறகு சினிமாவுக்குப் போனார். போனவரைப் பற்றி இலக்கியக்காரர்கள் பேசுகிற தொனி உங்களுக்குத் தெரிந்ததுதான்; ஏதோ வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல. அவர் கதை எழுதுவதையும் நிறுத்தவில்லை, நாடகமும் எழுதினார். சாகித்திய அகாதெமி 1982-இல் அவருக்குக் கொடுத்த பரிசு, அந்தப் பழைய பத்திரிகை நாட்களை நினைத்து எழுதிய 'மணிக்கொடி காலம்' என்ற நூலுக்காக. போனவர்களெல்லாம் மறந்துவிடுவதில்லை.

மூன்றாமவர் சி.சு. செல்லப்பா. இவர் மாறாதவர். 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். தாம் வெளியிட்ட புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலை 1997-இல் தம் கைப்பொறுப்பிலேயே அச்சிட்டபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. மறு வருஷம் மறைந்தார். பரிசு 2001-இல் வந்தது. இந்தப் பிடிவாதத்தைக் கண்டு கைகூப்பாதவன் எழுத்தாளனே அல்ல. நானும் கைகூப்புகிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரிடம் போக வேறு பாதைகள் இருந்தன, போகவில்லை. அதனால்தான் அதற்கு உறுதி என்று பேர் வைக்கிறோம்.

போக வழியே இல்லாமல் நின்றவனுக்கு என்ன பேர்?

என் அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. பட்டறையில் அரம் பிடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. அண்ணன் ராவிய பித்தளையில்தான் என் பள்ளிச் சம்பளமும், கல்லூரியில் நான் வீணாக்கவில்லை என்று இன்றும் நம்புகிற அந்த இரண்டு வருஷமும் நடந்தன. நான் மூன்று தொழில் மாறினேன் என்றால், மாறாத ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்ததனால்தான். வாழ்க்கையில் எத்தனை திருப்பங்கள் என்று கட்டுரை எழுதுகிறவர்களெல்லாம் திரும்பியவர்களே. அண்ணனைப் போன்றவர்கள் எழுதுவதில்லை. எழுதினால் ஒரே வரியில் முடிந்துவிடும்.

"நீங்க என்னவாகணும்னு நெனச்சீங்கண்ணே?" என்று ஒரு முறை கேட்டேன். "எட்டாங் கிளாஸ்ல அதையெல்லாம் யாருடா கேட்டா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவரை நினைத்து இரக்கப்படலாம் என்றால் அதற்கும் இடமில்லை. ஒரு மாங்காய்ப் பூட்டை முடித்துச் சாவியைப் போட்டுத் திருப்பி, உள்ளே அந்த 'டக்'கென்ற ஓசை விழும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என் கதை அச்சில் வந்த நாளில்கூட என் முகத்தில் அந்த நிறைவு இருந்திருக்காது. தியாகம் என்ற சொல்லை அவரிடம் சொன்னால், காப்பி சாப்பிடப் போகலாமா என்பார். என் கடனை அவர் கடனாகவே எண்ணவில்லை. எண்ணாத கடனை எப்படி அடைப்பது? பணக் கடனென்றால் வட்டியாவது கட்டலாம்.

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. அதற்குள் அலிகாரிலிருந்து வரும் மலிவான இயந்திரப் பூட்டுகள் கடைகளை நிறைத்துவிட்டன. பட்டறைகளில் பாதி இருக்கைகள் காலி. சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, மாதாமாதம் ஏதாவது அனுப்புகிறேனே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அண்ணன் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"பணம் எதுக்கு? பட்டறைக்கு ஒரு பையனைப் பாத்து அனுப்பு. கத்துக் குடுத்துட்டுப் போறேன்."

தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை மூன்று பையன்களிடம் பேசினேன். ஒருவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறான். ஒருவன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறான். மூன்றாமவன் இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் பூட்டு மட்டும் வேண்டாம் என்கிறான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.