நொண்டித் திரும்பும் தூரம்

அக்டோபர் கடைசியில் ஷானி தேசியக் காட்டில் குதிரைகளோடு சில இரவுகள் தங்குவதென்று நானும் மகளும் முடிவு செய்திருக்கிறோம். ஷானி, இலினாய் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது. இலினாய் என்றாலே கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம் விளையும் தட்டை நிலம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பனியுகத்தில் வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாறைகள் மாநிலத்தின் பெரும்பகுதியை இழைத்துச் சமமாக்கிவிட்டு, இந்தக் குன்றுகளை எட்டும் முன்பே நின்றுவிட்டன. மணற்கல் பாறைகளும் பள்ளத்தாக்குகளும் இங்கே தப்பியது அதனால்தான். தேசியக் காடாக இது அறிவிக்கப்பட்ட ஆண்டு 1939. உழுது உழுது சாரமிழந்த பண்ணை நிலங்களை அரசு வாங்கி, மரம் நட்டு மீட்டது. கிழக்கே ஒஹாயோ ஆற்றிலிருந்து மேற்கே மிசிசிப்பி வரை சுமார் 160 மைலுக்கு ஒரு பாதை இதன் ஊடாகப் போகிறது.

வரைபடத்தை விரித்ததும் என் கண் பாறை முகடுகளுக்குத்தான் போனது. மகள் சொன்னாள்: “அப்பா, குதிரைங்களுக்குத் தண்ணி எங்க கிடைக்கும்னு முதல்ல பாருங்க.” அதன்பிறகு வரைபடமே வேறாகிவிட்டது. வளர்ந்த குதிரை ஒன்றுக்கு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். இலையுதிர் காலத்தில் சிற்றோடைகள் வற்றிக் குட்டைகளாகச் சுருங்கியிருக்கும். தண்ணீர் இருந்தாலும், பழகாத வாடை அடித்தால் குடிக்காமல் நிற்கும் குதிரைகள் உண்டு. அதற்காகவே புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்து லாயத்திலேயே தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து பழக்குகிறார்கள். காட்டிலும் அதே சாற்றைக் கலந்து வைத்தால், வாடை பழகியதாக இருப்பதால் குடித்துவிடும். தீவனத்தையும் திடீரென்று மாற்றக் கூடாது, வயிற்றுவலி வந்துவிடும். குதிரையின் வயிற்றுவலி நம்முடையதைப் போல இரண்டு ஏப்பத்தில் போகிற காரியம் அல்ல. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். ஆகவே நாளைக்கு எட்டு ஒன்பது கிலோ வீதம் இங்கிருந்தே காய்ந்த புல்லைக் கட்டி எடுத்துப் போகிறோம்.

அக்டோபரைத் தேர்ந்தெடுத்ததே இலைகளின் நிறத்துக்காக. அந்த மாதம் இங்கே ஹிக்கரி பொன்னாகும், ஓக் செம்பழுப்பாகும், மேப்பிள் நெருப்பாகப் பற்றிக்கொள்ளும். சிவப்பு மேப்பிளின் இலை மரத்தில் பச்சையாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உதிர்ந்து வாடிவிட்டால் குதிரைக்கு அது விஷம். இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்துபோகும், சிறுநீர் கறுத்து இறங்கும், ஈறுகள் வெளுக்கும். ஒன்றரைக் கிலோ அளவுக்குத் தின்றாலே உயிர் போய்விடலாம். எதைப் பார்க்க இத்தனை மைல் போகிறோமோ, அதுவே எங்களைச் சுமந்து போகும் உயிரைக் கொல்லக்கூடியது. இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. குதிரைகளைக் கட்டப்போகும் இடத்தில் என்னென்ன மரங்கள் என்று பார்த்து, தரையைக் கூட்டிச் சுத்தம் செய்த பிறகுதான் கூடாரத்தை அவிழ்ப்பது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கட்டுவதற்கும் முறை உண்டு. மரத்தில் நேராகக் கட்டக் கூடாது. இரவில் குதிரை சலித்துப்போய் முன்னங்காலால் தரையைப் பறிக்கும், பட்டையைக் கடிக்கும். ஒரே இரவில் வேர் வெளியே தெரிந்துவிடும். அதனால் இரண்டு பருத்த மரங்களுக்கு அகலமான நாடாவைச் சுற்றி, அந்த நாடாக்களுக்கு நடுவே குதிரையின் தலைக்கு மேலே போகும்படி ஒரு கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். தலைக்கயிறு அந்தக் கயிற்றிலிருந்து தொங்கும். குதிரை குனிந்து புல்லைத் தின்னும் அளவுக்கு அது நீளமாகவும், காலில் சிக்காத அளவுக்குக் குட்டையாகவும் இருக்க வேண்டும். மரத்தின் பட்டையோ வேரோ எட்டாதபடி நடுவில் நிறுத்த வேண்டும். ஓடையிலிருந்து குறைந்தது அறுபது மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கொல்லையில் கயிறு கட்டி மகளும் நானும் பழகிக்கொண்டிருக்கிறோம். என் முடிச்சு இன்னும் இளகுகிறது. அவளுடையது நிற்கிறது.

ஆனால் முழுத் திட்டத்தையும் திருப்பிப் போட்டது தூரத்தைப் பற்றிய கேள்விதான். லஸ்க் ஓடையைச் சுற்றியுள்ள பகுதி 1990-இல் வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே மோட்டார் வண்டி கூடாது, மிதிவண்டிகூட நுழைய முடியாது. குறிக்கப்பட்ட பாதைகளில் குதிரைக்கு அனுமதி உண்டு. இத்தனை இயந்திரம் நிறைந்த நாட்டில் குளம்பின் வேகத்துக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு குதிரைக்கு லாடம் கழன்றாலோ கால் பிசகினாலோ, அதை ஏற்றிவர எந்த வண்டியும் வராது. நடந்துதான் திரும்ப வேண்டும். நல்ல குதிரை மணிக்கு ஆறு கிலோமீட்டர் நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பெரிய வட்டமாக ஒரு வழி வரைந்திருந்தோம். மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நொண்டிக்கிட்டே எவ்வளவு தூரம்ப்பா அதால திரும்ப முடியும்?” என்று கேட்டாள். வட்டம் அத்தோடு சுருங்கியது. நொண்டும் குதிரை திரும்பி நடக்கக்கூடிய தூரம் எதுவோ, அதுதான் இப்போது எங்கள் தூரம்.

எங்கள் இரண்டு குதிரைகளிடமும் வரப் பிரியமா என்று யாரும் கேட்கவில்லை. சில வாரங்களாக ட்ரெய்லரின் கதவைத் திறந்து மேய்ச்சல் நிலத்திலேயே நிறுத்தி, உள்ளே புல் போட்டு வைக்கிறோம். இப்போது இரண்டும் தாமாகவே ஏறுகின்றன. இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று நிறைய யோசித்தேன். ட்ரெய்லர் எங்கே போகிறது என்று அவற்றுக்குத் தெரியாது. தெரியாமல் ஏறுவதில் இருப்பது நம்பிக்கை. சம்மதித்து வருகிறவருக்கு வழியில் நேரும் கஷ்டத்தில் அவருடைய பங்கும் உண்டு. நம்பி வருகிறதன் கஷ்டம் முழுவதும் அழைத்துப் போகிறவன் கணக்கு.

ஊரிலிருந்து பெற்றோரை ஆறு மாதத்துக்கு அமெரிக்காவுக்கு அழைத்துவரும் தமிழ்க் குடும்பங்களில் இதே கேள்வியைப் பார்க்கிறேன். நயாகராவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிடும். பகலில் எல்லாரும் வேலைக்குப் போனபின் அந்த அம்மா யாரோடு பேசுவார், கார் இல்லாமல் எதுவரை நடந்து போவார் என்பது பயணத் திட்டத்தில் இருக்காது. மகன் சொன்னான் என்பதற்காக விமானம் ஏறியவர் அவர். அன்பு இருக்கிறது, செலவும் செய்கிறோம். நம் ஆசைக்காக ஒருவரை உடன் கூட்டிவரும்போது அவருடைய நாள் எப்படிப் போகும் என்று கூடவே உட்கார்ந்து யோசிப்பதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

சுமைக்கும் இந்தக் கணக்குதான். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. எனக்கான குதிரை சுமார் 450 கிலோ. என் எடை, சேணம், தண்ணீர், மழைச்சட்டை எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எனவே ஏற்றங்களில் நான் இறங்கி நடக்கப் போகிறேன். இறக்கத்தில் நடப்பது அதற்கு இன்னும் நல்லது என்று லாடக்காரர் சொல்கிறார், அதையும் சேர்த்துக்கொண்டேன்.

மிச்சம் இருப்பது, எங்கள் குதிரைகள் இருக்கும் பண்ணையிலுள்ள கிழட்டுப் பெண் குதிரை. பண்ணைக்காரம்மாவுடையது. மூட்டு வாதத்தால் அது மலைப்பாதைக்கு வர முடியாது. எங்கள் இரண்டையும் கூட்டிப் போனால் அது தனியாகிவிடும். மந்தையில் வாழும் உயிர், தனியே விட்டால் வேலியோரம் கனைத்துக்கொண்டே நடந்து நடந்து இளைத்துவிடும் என்று பண்ணைக்காரம்மா சொன்னார். பயணத்துக்கே வராத ஒரு உயிருக்கும் திட்டத்தில் இடம் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்துப் பண்ணையில் சாதுவான கழுதை ஒன்று இருக்கிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அதைக் கொண்டுவந்து இதோடு விடப் போகிறோம். இரண்டும் சேர்ந்து நின்று புல் தின்ன ஆரம்பித்தால் கிளம்புவோம். ஒத்துவராவிட்டால் இந்த ஆண்டு இலைகளைப் பார்க்கப் போவதில்லை. மகளிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். அவள் ஏற்கெனவே நாட்காட்டியில் தேதிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.