காலந்தாழ்ந்த கல்வியும் நீதியும்

பல்கலைக்கழகம் புகுதற்குரிய வயது கடந்துவிட்டதென ஒருவரிடம் கூறுமிடத்து, அக்காலத்தைக் கடத்தியவர் யார் என்ற வினாவும் உடனெழுகின்றது. மலையகத்தில் இதற்கு வரலாறே விடை பகர்கின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதிலும், ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களிலேயே. அத்தாமதம் பின்வந்த தலைமுறைகளையும் தொடர்ந்தது.

1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தாதோரும் அடிப்படைக் கற்கைநெறி வாயிலாகப் பட்டப்படிப்பை அடைய வழி செய்தது. இதனாற் கல்வித்தரம் தாழும் என்பர் சிலர். வாயிலை அகலத் திறப்பது வேறு. பரீட்சையைத் தளர்த்துவது வேறு. முன்னையது நீதி, பின்னையதை முதிர்ந்த மாணவர் எவரும் வேண்டினாரல்லர்.

உண்மையான குறை பிறிதோரிடத்து உளது. உரிய வயதில் ஏனைய அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவானோர் கட்டணமின்றிப் பயில்கின்றனர். திறந்த பல்கலைக்கழகத்திற் பயில்வோரோ, உதவித்தொகை சிலர்க்குக் கிட்டினும், கட்டணம் செலுத்தக் கடமைப்பட்டுள்ளனர். கொழுந்து பறித்த கூலியிற் குடும்பம் காத்து, நாற்பது வயதில் விண்ணப்பிக்கும் ஒருவர், சமுதாயம் விளைத்த தாமதத்திற்குத் தாமே விலை கொடுக்கின்றார். அவருக்கு அளிக்கப்படும் இடம் சலுகையன்று. நெடுநாள் தீர்க்கப்படாத கடனின் ஒரு பகுதியேயாகும்.