தொப்பியும் தோழமையும்

விழா நாள். வீட்டார் அனைவரும் கூடத்தில் ஒன்றுகூடி இருக்கின்றனர். ஓர் இளைஞர் மட்டும் தம் அறையில் கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கிறார். "இன்றைக்குமா தனியே இருக்கிறாய்?" என்று பெரியவர் ஒருவர் கேட்கிறார். "தனியே இல்லை, தாத்தா. அங்கே நாங்கள் எல்லோரும் கூடியிருக்கிறோம்" என்று விடை வருகிறது. பெரியவர் ஒன்றும் புரியாமல் திரும்பிச் செல்கிறார்.

அந்த இளைஞர் கூறியது உண்மையா? உடல்கள் அருகில் இல்லாத ஓரிடத்தில் கூட்டம் என்பது உண்டா? அங்கே கொண்டாடப்படுவது விழாவா, விழாவின் நிழலா? இதனை நகைத்துத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் ஒன்றை அறியாமலே பழித்தல் அறிவுடைமை ஆகாது. அங்கே நிகழ்வது இன்னதென்று முதலில் கண்டு, அதன்பின் தீர்ப்புக் கூறுவதே முறை. அதற்கு இரண்டு நிகழ்ச்சிகளை வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஒன்று ஒரு தொப்பியைப் பற்றியது. மற்றொன்று ஒரு மனிதரைப் பற்றியது.

விழாவில் கிடைத்த தொப்பி

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோவர் என்பவரும் அவர்தம் உடன்பிறந்தாரும் உருவாக்கிய 'ரூன்ஸ்கேப்' என்னும் விளையாட்டு 2001ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. பல நாடுகளில் இருப்போர் ஒரே நேரத்தில் இணையத்தின் வழியாக அதனுள் நுழைவர். ஒவ்வொருவருக்கும் ஓர் உருவமும் ஒரு பெயரும் உண்டு. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், கனிமம் தோண்டலாம், எதிர்ப்பட்டவரோடு எழுத்தால் உரையாடலாம்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் வந்தது. இங்கிலாந்து மக்கள் அவ்விழாவின் விருந்தில் 'கிராக்கர்' என்னும் காகிதக் குழலை வைப்பது வழக்கம். இருவர் ஆளுக்கொரு முனையைப் பற்றி இழுப்பர். சிறு வெடியோசையுடன் அது பிரியும். உள்ளிருந்து காகித முடி ஒன்று வெளிவரும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டன் மிட்டாய் வணிகரான டாம் ஸ்மித் தொடங்கிவைத்த வழக்கம் இது. இதனையே விளையாட்டினுள்ளும் கொண்டுவந்தனர். அவ்வுலகின் நிலமெங்கும் கிராக்கர்கள் சிதறிக் கிடந்தன. கண்டவர் எடுத்துக்கொள்ளலாம், விலை இல்லை. ஆனால் எடுத்தவர் தாமே அதனைப் பிரிக்க இயலாது. மற்றொருவரை நாட வேண்டும். இருவரும் சேர்ந்து இழுத்தால், இருவருள் ஒருவருக்குத் தொப்பி கிட்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஊதா, வெள்ளை என ஆறு நிறங்களில் அத்தொப்பிகள் இருந்தன.

இதனை வகுத்தவர் அறிந்து செய்தாரோ, அறியாது செய்தாரோ, விழாவின் உட்பொருள் முழுவதும் இச்சிறு விதியில் அடங்கியிருக்கக் காண்கிறோம். பிறர் ஒருவர் இல்லாமல் மகிழ்ச்சி பிரிபடாது என்பது ஒன்று. பிரித்தபின் அது எனக்கும் கிட்டலாம், உனக்கும் கிட்டலாம் என்று இருவரும் இசைவது மற்றொன்று. முன்பின் அறியாத இருவர், முகம் காணாமலே, இந்த இசைவுக்கு வந்தனர்.

அத்தொப்பி அணிந்தவருக்கு வலிமையைக் கூட்டாது, காவலும் தராது. வெறும் அழகு, அவ்வளவே. ஆதலின் அதனைப் பெரிதாக எண்ணாதோர் பலர் இருந்தனர். அதே ஆண்டு ஹாலோவீன் விழாவில் கிடைத்த பூசணிக்காயைப் பலர் உண்டு தீர்த்ததும் இப்படித்தான். விழாப் பொருளை விழாவோடு முடித்துவிடுவது இயல்புதானே!

தொப்பியின் விலை

ஆனால் அந்தக் கிராக்கர் மறுபடி அவ்வாறு வழங்கப்படவில்லை. விளையாட வருவோர் தொகை ஆண்டுதோறும் பெருகியது. தொப்பிகளின் தொகை பெருகவில்லை. விளையாட்டை விட்டு நீங்கியோருடன் சில மறைந்தன. எஞ்சியவற்றுக்கு விலை ஏறிற்று. எந்த அளவுக்கு ஏறிற்று என்பதை ஒரு கணக்கால் உணரலாம். அவ்விளையாட்டில் ஒருவர் ஒரே குவியலாக வைத்திருக்கக்கூடிய பொற்காசுகளின் உச்ச அளவு 2,147,483,647 ஆக இருந்தது. கூட்டல், கழித்தல் குறியையும் உள்ளடக்கிய ஓர் எண்ணுக்குக் கணினி 32 இருமக் கூறுகளை ஒதுக்கும்போது எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது. ஏறத்தாழ 214 கோடி. தொப்பியின் விலை அந்த எல்லையையும் தாண்டிச் சென்றது. காசுக் குவியல் போதாமல் வேறு அரும்பொருள்களையும் சேர்த்துக் கொடுத்தே அதனை வாங்க வேண்டியதாயிற்று.

விலை ஏறியபின் தொப்பியின் பொருள் மாறியது. "நானும் அந்நாளில் உங்களோடு இருந்தேன்" என்று கூறிய ஒன்று, "உங்களிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது" என்று கூறத் தொடங்கிற்று. அணிந்திருப்பவர் அவ்விழாவில் கலந்துகொண்டவர் என்பதற்கும் உறுதி இல்லை. பின்னர் விலைக்கு வாங்கியவராக இருக்கலாம். கலந்துகொண்டவரோ பூசணிக்காயைப் போலத் தொப்பியையும் கைவிட்டு வெறுந்தலையராய் நிற்கலாம். ஈகையாகத் தொடங்கியது உடைமையாகி, உடைமை தகுதியாகி, தகுதி வேலியாகிவிட்டது.

விளையாட்டை நடத்துவோர் இதனை உணர்ந்தனர் போலும். பிற்காலத்து விழாப் பரிசுகளுள் பெரும்பாலானவற்றை ஒருவர் மற்றவருக்கு விற்க இயலாதவாறு செய்தனர். விழாவுக்கு வந்து உரிய செயலைச் செய்தவர் எவரும் அதனைப் பெறலாம். தொலைத்துவிட்டாலும் கவலை இல்லை. அவ்வுலகில் டியாங்கோ என்னும் பொம்மை வணிகர் ஒருவர் நிற்கிறார். அவரிடம் சென்று கேட்டால் தொலைந்ததைத் திரும்பப் பெறலாம். இத்தகைய பரிசுக்குச் சந்தையில் விலை இல்லை. ஆயினும், வந்தவன் எவனுக்கும் உண்டு, இழந்தவனுக்கும் மறுபடி உண்டு என்னும் ஏற்பாடு, 214 கோடிப் பொற்காசு பெற்ற தொப்பியைவிட விழாவின் கருத்துக்கு நெருங்கியது என்பது எம் துணிபு.

இதுவரை கண்டதால் ஒரு முடிவு பெறலாம். ஒரு கூட்டத்துக்கு உரியவன் யார் என்பதை அவன் வைத்திருக்கும் பொருள் காட்டாது. அப்படியாயின் எது காட்டும்?

நார்வே நாட்டு இளைஞர்

மாட்ஸ் ஸ்டீன் என்பவர் நார்வே நாட்டில் 1989ஆம் ஆண்டு பிறந்தார். டூஷேன் தசைநலிவு நோய் அவரைப் பற்றியிருந்தது. உடலின் தசைகளைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்யும் பிறவி நோய் அது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, விரல்களின் எஞ்சிய அசைவைக் கொண்டு, அவர் தம் நாளின் பெரும்பகுதியை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டில் கழித்தார். 2004ஆம் ஆண்டு வெளிவந்த அவ்விளையாட்டிலும் விழாக்கள் பல உண்டு. குளிர்கால விழாவின்போது ஒன்றோடொன்று பகைத்த இரு அணிகளின் தலைநகரங்களிலும் மரங்கள் அணிசெய்யப்பட்டு நிற்கும். டிசம்பர் 25 அன்று அவற்றின் அடியில் பரிசுப் பொதிகள் இருக்கும். ஓர் அணியினர் பேசும் எழுத்து மற்ற அணியினருக்குப் புரியாத ஒலிக்குறிகளாகவே தோன்றும்படி அவ்விளையாட்டை அமைத்திருந்தனர். ஆயினும் வணங்குதல், கையசைத்தல், ஆடுதல் ஆகிய மெய்ப்பாடுகளை இரு சாராரும் காண இயலும். மொழி தடுக்கப்பட்ட இடத்திலும் வணக்கம் தடுக்கப்படவில்லை.

மாட்ஸ் அங்கே இபெலின் என்னும் பெயருடன் உலவினார். 'ஸ்டார்லைட்' என்னும் குழுவில் உறுப்பினராக இருந்தார். இங்கே நடக்க இயலாத அவர் அங்கே ஓடினார், பிறர் துயரைக் கேட்டார், அறிவுரை கூறினார். தம் நோயை மட்டும் நெடுங்காலம் அக்குழுவினரிடம் மறைத்தே வைத்திருந்தார். பெற்றோரோ, மகன் உலகத்தோடு உறவின்றித் தனிமையில் வாடுகிறான் என்றே எண்ணி வருந்தினர்.

2014ஆம் ஆண்டு நவம்பரில், தம் 25ஆம் வயதில், மாட்ஸ் காலமானார். அவர் இணையத்தில் எழுதிவந்த குறிப்புகளின் பக்கத்தில் பெற்றோர் இறப்புச் செய்தியை வெளியிட்டனர். படிப்பவர் இருப்பாரோ, மாட்டாரோ என்னும் ஐயத்துடன் வெளியிட்ட அச்செய்திக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மடல்கள் வந்து குவிந்தன. தம் மகனால் ஆறுதல் பெற்றவர் இத்தனை பேர் என்பதை அவர்கள் அன்றுதான் அறிந்தனர். இறுதிச் சடங்குக்கு அயல்நாட்டிலிருந்து குழுவினர் சிலர் வந்தனர். பயணச் செலவுக்கு வழியில்லாதவருக்காகக் குழுவினர் பொருள் திரட்டித் தந்தனர். பின்னர் ஆண்டுதோறும் அவ்விளையாட்டினுள் ஒன்றுகூடி அவரை நினைவுகூர்ந்து வருகின்றனர். இவ்வரலாறு 2024ஆம் ஆண்டு ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

அவர்கள் ஆண்டுக்கொருமுறை கூடுவதும் ஒரு விழாதான். அதில் பரிசு இல்லை, தொப்பி இல்லை. ஒருவர் இல்லாமையை உணர்வதற்கென்றே கூடுகின்றனர். நாம் தேடிய விடை இங்கே இருக்கிறது. ஒருவன் வராதபோது "அவன் எங்கே?" என்று கேட்பார் எங்கே உளரோ, அங்கேதான் அவன் உரியவன். கூடம் நிறைய மக்கள் இருந்தும் அவ்வாறு கேட்பார் இல்லையேல் அது கும்பலே. கடல்களுக்கு அப்பால் இருந்தும் கேட்பார் உளராயின் அது சுற்றமே.

எழும் ஐயங்கள்

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. அவர்தம் மறுப்புகளில் நியாயமும் உண்டு.

"முகத்தை மறைத்துப் பழகுவது பொய்யன்றோ?" என்பது ஒன்று. பொய் நுழைய அங்கே இடம் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஏமாற்றுவோரும் அங்கே உளர். தொப்பிக்காக வஞ்சித்தோரும் உளர். ஆனால் மாட்ஸ் மறைத்தது பிறரைக் கெடுப்பதற்கு அன்று. இரக்கத்தோடு நோக்கும் கண்களையே வாழ்நாள் முழுவதும் கண்டவர், தம்மைச் செயலால் மட்டும் அறிவோர் சிலரை விரும்பினார். அவர் தம் நிலையைப் பின்னர் வெளிப்படுத்தியபோதும் நட்பு நீடித்தது. மறைவில் தொடங்கிய உறவு உண்மையைத் தாங்குமா என்பதே உரைகல். தாங்கியதாயின், அதன் தொடக்கத்தைப் பழிக்க வேண்டுவதில்லை.

"இவ்விழாக்கள் யாவும் ஒரு நிறுவனத்தின் வாணிபமன்றோ?" என்பது மற்றொன்று. ஆம். விழா முடிவதற்குள் வந்து பரிசு பெறாவிடில் இழந்துவிடுவாய் என்னும் அச்சத்தை விதைத்து, மக்களைத் திரைமுன் இருத்திவைப்பதில் நிறுவனத்துக்கு ஆதாயம் உண்டு. ஆனால் கிராக்கரை நிலத்தில் தூவியது நிறுவனம். மற்றொரு முனையைப் பற்றியது மனிதர். நினைவுநாளை எந்த நிறுவனமும் விதித்ததாகத் தெரியவில்லை. சந்தை கூடும் திடலிலும் நட்பு முளைப்பதுண்டு. திடலுக்கு உரியவன் நட்புக்கு உரியவன் ஆகமாட்டான்.

மூன்றாவது ஐயமே கடினமானது. "தொலைவில் உள்ளோருக்கு ஆறுதல் கூறுபவன், அடுத்த அறையில் இருக்கும் தாயை மறந்தால் அது அறமா?" அறம் ஆகாது. மாட்ஸுக்கு வெளியுலகின் கதவுகள் பல அடைபட்டிருந்தன. அவர் திறந்திருந்த கதவின் வழியே சென்றார். கை கால் நலமாய் உள்ளோர், எல்லாக் கதவுகளும் திறந்திருக்க, ஒன்றினுள்ளேயே அடைந்து கிடப்பதற்கு அவரைச் சான்று காட்டுதல் பொருந்தாது. ஒரு மணி நேரத்தை இருவருக்குக் கொடுக்க இயலாது. யாருக்குக் கொடுத்தோம், யாரிடமிருந்து எடுத்துக் கொடுத்தோம் என்னும் கணக்கை ஒவ்வொருவரும் தம் நெஞ்சறியப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரு சாராரின் கடமை

ஆயினும் இக்கணக்கு இளையோருக்கு மட்டும் உரியதன்று. மாட்ஸின் பெற்றோர் அன்பில் குறைந்தவர் அல்லர். மகனுக்காக எல்லாம் செய்தவர்கள். அவர்களுக்கும் அவன் உலகம் அவன் மறைந்த பின்னரே தெரிந்தது. "எத்தனை மணி நேரம் விளையாடுவாய்?" என்று கேட்பது நமக்கு எளிதாக இருக்கிறது. "அங்கே உன் நண்பர் யார்? அவர் எப்படி இருக்கிறார்? அவர் துயருற்றால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்கத் தோன்றுவதில்லை. முதற் கேள்விக்கு எண் ஒன்றே விடையாகக் கிடைக்கும். அடுத்த கேள்விகளைக் கேட்டால் மகனையோ மகளையோ அறியலாம்.

முதலில் கண்ட வீட்டுக்கே திரும்புவோம். அப்பெரியவர் புரியாமல் திரும்பிச் சென்றார் அல்லவா? அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்து, "அங்கே கூடியிருப்பவர்கள் யார் யார்? எனக்கும் காட்டு" என்று கேட்டிருக்கலாம். இளைஞரும் காட்டிவிட்டு, "கொஞ்ச நேரத்தில் வருகிறேன், வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று அந்த நண்பர்களிடம் விடைபெற்று எழுந்திருக்கலாம். கிராக்கரின் இரு முனைகளையும் இருவர் பற்றியது போன்றதே இது. ஒருவர் மட்டும் இழுத்தால் பிரியாது. அடுத்த விழா நாளில் நம் இல்லங்களில் இதனைச் செய்து பார்ப்போமாக.